கிரெடிட் கார்டு பாக்கியோடு வீட்டுக் கடன் கேட்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கடன் மனுக்களை வாங்கிச் சரிபார்த்து மேலே அனுப்பும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: "சார், கார்டுல கொஞ்சம் பாக்கி இருக்கு, பரவாயில்லையா?" குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாக்கி என்ன செய்யும் என்று தெரியாமல் வீட்டை விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து உட்காருவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அவர்கள் கேட்ட கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்தியாவில், பெரும்பாலும் தமிழ்நாட்டில் வீடு வாங்குவோரை மனதில் வைத்துச் சொல்வது.

கார்டில் பாக்கி இருந்தால் வீட்டுக் கடன் கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கும். பாக்கி இருப்பது வேறு, கட்டத் தவறியது வேறு. கார்டில் இரண்டு லட்சம் பாக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்தவருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். இருபதாயிரம் பாக்கியை நான்கு மாதம் கட்டாமல் விட்டவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

ஆனால் கிடைக்கும் தொகை குறையும். எவ்வளவு குறையும் என்பதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை.

வங்கி என் கார்டு பாக்கியை எப்படிக் கணக்கில் எடுக்கிறது?

மாதச் சம்பளத்தில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே தவணைகளுக்குப் போகிறது என்று வங்கி முதலில் பார்க்கும். கடன் பிரிவில் இதை 'ஃபோயர்' என்பார்கள். கையில் வரும் சம்பளத்தில் பாதி வரை எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகலாம் என்பது பொதுவான அளவு. சம்பளம் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் விடுவார்கள், குறைவென்றால் 40 சதவீதத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வங்கிக்கு வங்கி மாறும்.

கார்டு பாக்கிக்குத் தவணை என்று ஒன்று கிடையாதே, அதை எப்படிச் சேர்ப்பது? மொத்தப் பாக்கியில் 5 சதவீதத்தை மாதத் தவணையாக வைத்துக்கொள்வது பரவலான வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் வரும் சம்பளம் 80,000 ரூபாய். பாதி என்றால் 40,000 வரை தவணைக்கு இடம் இருக்கிறது. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம் என்றால் ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 40,000 ரூபாய் தவணைக்கு ஏறக்குறைய 46 லட்சம் கடன் கிடைக்கும்.

இப்போது கார்டில் 2,40,000 ரூபாய் பாக்கி இருக்கிறது என்று வையுங்கள். அதில் 5 சதவீதம் 12,000. தவணைக்கு மிஞ்சுவது 28,000. கிடைக்கும் கடன் சுமார் 32 லட்சம்.

இரண்டரை லட்சத்துக்கும் குறைவான பாக்கி, வீட்டுக் கடனில் 14 லட்சத்தைத் தின்றுவிட்டது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எல்லோரும் சிபில் ஸ்கோரைப் பற்றியே, அதாவது கடன் வரலாற்றுக்குத் தரும் மதிப்பெண்ணைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஸ்கோர் 780 இருந்தும், தவணைக்கு இடமில்லாமல் கேட்ட தொகை கிடைக்காமல் போனவர்கள் என் கண்ணெதிரே பலர்.

மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன். அது போதாதா?

மினிமம் டியூ என்பது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையில் 'தாமதம்' என்று விழாமல் இருக்க அது போதும். கடன் குறைய அது போதாது.

அதே 2,40,000 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 8,400 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 1,512. ஆக மொத்தம் 9,912. மினிமம் டியூவாக 12,000 ரூபாய் கட்டினாலும் அசலுக்குப் போவது இரண்டாயிரத்துச் சொச்சம்தான். இதற்கிடையே கார்டைத் தேய்த்தால் அதுவும் போச்சு. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இது பலருக்குத் தெரியாது.

கார்டு வட்டிக்கு ஒரு உச்சவரம்பு வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதை நம்பிப் பாக்கியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று: மனு வந்ததும் வங்கி உங்கள் கணக்கின் கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும். ஒவ்வொரு மாதமும் கார்டுக்கு மினிமம் மட்டும் போவது அதில் தெரியும். விதிப்படி அது குற்றமில்லை. ஆனால் மனுவைப் பார்ப்பவர் மனதில், சம்பளம் இவருக்குப் போதவில்லை என்ற எண்ணம் விழுந்துவிடும்.

ஸ்கோர் எவ்வளவு இருக்க வேண்டும்?

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. ஸ்கோர் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். அதற்குக் கீழே போகப் போக மறுப்பு வராவிட்டாலும் வட்டி ஏறும், ஏனென்றால் ஸ்கோரைப் பார்த்து வட்டியை நிர்ணயிக்கும் வங்கிகள் நிறைய. 40 லட்சம் கடனில் அரை சதவீதம் கூடினாலே மாதம் ஏறக்குறைய 1,275 ரூபாய் அதிகம். இருபது வருடத்துக்கு மூன்று லட்சம்.

கார்டு பாக்கி ஸ்கோரைக் குறைப்பது முக்கியமாக ஒரு வழியில்தான்: லிமிட்டில் எவ்வளவு தின்றிருக்கிறீர்கள் என்பது. 3 லட்சம் லிமிட்டில் 2.4 லட்சம் பாக்கி என்றால் 80 சதவீதம். 30 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் ஸ்கோர் மெல்ல எழும்.

வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையும் கட்டிவிடுகிறேன். ஆனாலும் அறிக்கையில் ஒரு லட்சம் பாக்கி காட்டுகிறதே?

நீங்கள் கட்டுவது கடைசித் தேதியில். கார்டு வங்கி தகவல் அனுப்புவது அதற்கு முன்னால். அன்றைய நிலவரத்தில் ஒரு லட்சம் நிலுவை, அதுதான் அறிக்கையில் ஏறியிருக்கிறது. சரி, இதில் தப்பு யாருடையதும் இல்லை. ஆனால் மனுவைப் பார்ப்பவர் அதிலும் 5 சதவீதம் போட்டு 5,000 ரூபாயைத் தவணையாகச் சேர்க்க வாய்ப்புண்டு.

மனு போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம், பில் போடும் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுங்கள். வீட்டுச் செலவைக் கார்டிலிருந்து டெபிட் கார்டுக்கோ யு.பி.ஐ.க்கோ மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. முழுத் தொகையும் கட்டிய ஸ்டேட்மென்ட்கள் ஆறு மாதத்துக்குக் கையில் இருந்தால், அதைக் காட்டி அந்தத் தொகையைச் சேர்க்காமல் விடச் சொல்லியும் கேட்கலாம். பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

சேமிப்பு இருக்கிறது. அதில் கார்டை அடைப்பதா, வீட்டுக்கு முன்பணமாக வைத்துக்கொள்வதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும் என்று பார்ப்போம். கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இதுதான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சம். 50 லட்சம் ரூபாய்க்குத் தனி வீடு ஒன்றை வாங்குகிறீர்கள் என்றால் வங்கி தரக்கூடியது அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்களுடையது. அதோடு பத்திரப் பதிவு: தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்குப் பதிவு செய்தால் நாலரை லட்சம். இதைச் சொத்து மதிப்போடு சேர்த்து வங்கியிடம் கடன் கேட்க முடியாது. ஆக உங்கள் கையில் 14.5 லட்சம் வேண்டும்.

மேலே சொன்ன அதே ஆள், 80,000 சம்பளம், 2.4 லட்சம் கார்டு பாக்கி. 15 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார். "கையில் 15 இருக்கிறது, தேவை 14.5, சரியாகப் போயிற்று, கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் கார்டு பாக்கியோடு அவருக்குக் கிடைப்பது 32 லட்சம்தான். ஏழரை லட்சம் இடிக்கும்.

அவரே 2.4 லட்சத்தைக் கொடுத்துக் கார்டை அடைத்துவிட்டு வந்தால்? 40 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 34,700. அவருக்கு 40,000 வரை இடம் இருக்கிறது. முழு 40 லட்சமும் கிடைக்கும். கையில் 12.6 லட்சம் மிச்சம், தேவை 14.5. இடிப்பது 1.9 லட்சம் மட்டும்.

ஏழரை லட்சத்தைத் தேடி அலைவது எங்கே, இரண்டு லட்சத்துக்கு நாலைந்து மாதம் பொறுப்பது எங்கே. கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 12,000 ரூபாய் மாதாமாதம் கையில் தங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேலை பார்ப்பவர் என்றால், வீடு வாங்குவதற்குப் பி.எஃப். கணக்கிலிருந்து பணம் எடுக்க வழி இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

ஆனால் ஒன்று. இருப்பதையெல்லாம் துடைத்து அடைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக் கடனுக்குள் போகாதீர்கள். மூன்று மாதத் தவணையாவது தனியே இருக்கட்டும்.

பர்சனல் லோன் எடுத்துக் கார்டை அடைக்கலாமா?

வட்டி கணக்கில் லாபம். மாதம் மூன்றரை சதவீதம் எங்கே, வருடத்துக்குப் பதினைந்து சதவீதம் எங்கே. ஆனால் வீட்டுக் கடன் தகுதி உயருமா என்பது தவணையைப் பொறுத்தது. 2,40,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் இரண்டு வருடத்தில் கட்டுவதாக எடுத்தால் தவணை சுமார் 11,640. கார்டுக்கு வங்கி போட்டுக்கொண்ட 12,000-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மூன்று வருடம் என்றால் 8,320, தகுதி 36 லட்சத்துக்கு மேல் போகும். தேவையென்றால் இரண்டாவதை எடுங்கள், கையில் பணம் வரும்போது முன்கூட்டியே அடைக்கலாம். அதற்கு அபராதம் எவ்வளவு என்று மட்டும் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடன் மனு போடும் மாதத்திலேயே இதைச் செய்யாதீர்கள். புதுக் கடன் ஒன்று அறிக்கையில் பளிச்சென்று நிற்கும். ஆறு மாதத் தவணை ஒழுங்காகப் போன பிறகு வந்தால் அதே கடன் உங்களுக்குச் சாதகமாகப் பேசும். லோனில் கார்டை அடைத்துவிட்டு அதே கார்டை மறுபடி நிரப்பியவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு கடன் ஆகிவிட்டது.

கார்டு பாக்கியை அதே கார்டில் தவணையாக மாற்றினால்?

பர்சனல் லோனுக்குச் சொன்னதேதான். வங்கி மாதத் தவணையை அப்படியே எடுத்துக்கொள்ளும். மாற்றுவதற்கான கட்டணத்தையும், வட்டிக்கு மேல் வரும் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஃபிரிஜ், போன் என்று 'நோ காஸ்ட்' தவணையில் வாங்கியவையும் இந்தக் கணக்கில் வரும்.

நகையை அடகு வைத்து அடைக்கலாமா?

நம் ஊரில் பலருக்கு இதுதான் கைக்கு எட்டிய வழி, மோசமான வழியும் இல்லை. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடன் வட்டி கார்டு வட்டியின் பக்கத்தில்கூட வராது. வீட்டில் தங்கம் பூட்டிக் கிடக்கும்போது மாதம் பத்தாயிரம் ரூபாய் கார்டு வட்டி கட்டுவதைப் பார்க்க மனது கேட்காது.

நகைக் கடனும் அறிக்கையில் வரும் என்பது ஞாபகம் இருக்கட்டும். அதைத் தவணையாக எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று வீட்டுக் கடன் கேட்கப்போகும் வங்கியிலேயே முன்னதாகக் கேட்டுவிடுங்கள். அடகு வைக்கும்போதே எந்தப் பணத்தில், எந்த மாதம் மீட்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நகை பெரும்பாலும் மனைவியுடையதோ அம்மாவுடையதோ. அவர்கள் மனதார ஒத்துக்கொள்ளாமல் அதைத் தொட வேண்டாம்.

"பாதி கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்று கார்டு வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் முடிந்தவரை வேண்டாம்.

ஒன்றரை லட்சம் பாக்கியை 70,000 வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்கிறோம் என்பார்கள். அந்த நேரத்தில் பெரிய நிம்மதியாக இருக்கும். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று ஏறாது, 'செட்டில்டு' என்று ஏறும். கடன் கொடுத்தவருக்கு முழுப் பணமும் திரும்பவில்லை என்பதே அதற்குப் பொருள். ஏழு வருடம் வரை அது அங்கே நிற்கும். வீட்டுக் கடன் கொடுப்பவர் முதலில் தேடுவதே இந்தச் சொல்லையும், இனி வராது என்று வங்கி எழுதித் தள்ளிய கடனுக்குப் போடும் 'ரிட்டன் ஆஃப்' என்ற சொல்லையும்தான்.

ஏற்கெனவே செட்டில் செய்துவிட்டவர்கள் தளர வேண்டாம். அந்தக் கார்டு வங்கிக்கு எழுதி, தள்ளுபடி செய்த மீதித் தொகையைக் கட்ட விரும்புகிறேன், கட்டினால் கணக்கை 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கட்டுங்கள். கட்டியதும் நோ டியூ சர்டிபிகேட் வாங்கி, கிரயப் பத்திரத்தைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

வேலை போய், உடம்பு சரியில்லாமல், உண்மையிலேயே கட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. அவர்களுக்குச் செட்டில்மென்ட் ஒரு கதவு, திறந்து வெளியே வரட்டும். வீடு சில வருடம் பொறுக்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர்களுக்குப் பயந்து அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடைத்த பிறகு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

2025 ஜனவரி முதல், 15 நாளுக்கு ஒரு முறையாவது வங்கிகள் கடன் தகவலைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பாக்கியை அடைத்தது ஒரு மாதத்துக்குள் அறிக்கையில் தெரிந்துவிட வேண்டும். வெறும் பாக்கி மட்டும்தான் பிரச்சினை என்றால், அது பூஜ்யம் என்று காட்டியதும் மனுவைப் போடலாம்.

தவணை தவறிய சரித்திரம் இருந்தால் கதை வேறு. எத்தனை நாள் தாமதம் என்பது மாதவாரியாக 36 மாதத்துக்கு அறிக்கையில் இருக்கும். கடைசி ஒரு வருடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அதிகம். எப்போதோ ஒரு முறை ஐந்து நாள், பத்து நாள் தாமதமானதற்காக யாரும் வீட்டுக் கடனை மறுத்து நான் பார்க்கவில்லை. 90 நாளைத் தாண்டியிருந்தால் ஒரு வருடமாவது பொறுத்துப் போவது நல்லது.

அடைத்த கார்டை மூடிவிடலாமா?

பழைய கார்டாக இருந்தால் வைத்திருங்கள். மூடினால் மொத்த லிமிட் குறையும், மற்ற கார்டுகளில் உள்ள சின்னப் பாக்கிகூடப் பெரிய சதவீதமாகத் தெரியும். கையில் கார்டு இருந்தால் தேய்க்காமல் இருக்க முடியாது என்பவர்கள் ஸ்கோரைப் பார்க்காமல் மூடிவிடுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது.

பாக்கி எதுவும் இல்லாமல் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022-லிருந்து இருக்கும் விதி.

கார்டு பாக்கியை மனுவில் சொல்லாமல் விட்டால்?

உங்கள் பான் எண்ணைப் போட்டதும் எல்லாம் திரையில் வந்துவிடும். மறைத்தது தெரிந்தால், பாக்கியால் வராத மறுப்பு மறைத்ததால் வரும். ஆப்களில் வாங்கிய ஐயாயிரம், பத்தாயிரம் கடன்கூட வரும். அதையும் எழுதுங்கள்.

மனைவியையும் சேர்த்து மனு போட்டால் சரியாகிவிடுமா?

அவருக்குத் தனி வருமானம் இருந்தால் நிச்சயம் உதவும். இரண்டு சம்பளமும் சேர்ந்து தவணைக்கான இடம் அகலமாகும். ஆனால் அவருடைய கார்டுகளும் அவருடைய ஸ்கோரும் கூடவே வரும். உங்கள் கார்டில் அவருக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டின் பாக்கி உங்கள் கணக்கில்தான் நிற்கும் என்பதையும் பாருங்கள். மனுவுக்கு முன் இருவர் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவிக்கும், மனைவிக்குத் தெரியாமல் கணவனுக்கும் கார்டு பாக்கி இருந்தது வங்கி மேசையில் வைத்து வெளிவந்த நாட்கள் உண்டு. அந்த அறையில் உட்கார்ந்திருப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது. வீட்டிலேயே பேசிவிடுங்கள்.

சொந்தத் தொழில் செய்கிறேன். கடைக்குச் சரக்கு வாங்கத்தான் கார்டைப் பயன்படுத்துகிறேன். அதுவும் கடன்தானா?

வங்கிக்கு அது உங்கள் சொந்தக் கடன்தான். மனுவுக்குச் சில மாதம் முன்பிருந்தே சரக்குக்கு நடப்புக் கணக்கிலிருந்து பணம் கொடுங்கள். வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம்தான் உங்களுக்குச் சம்பளம் மாதிரி. அது குறைவாகவும், கார்டில் புழங்கும் தொகை அதிகமாகவும் இருந்தால் கேள்வி வரும். சரக்கு வாங்கிய பில்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்குமோ என்று நாலைந்து வங்கியில் ஒரே நேரத்தில் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு வங்கியும் அறிக்கையை எடுக்கும்போது அது பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்து பதிவு என்றால், ஆறாவதாகப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். முகவரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் காகிதங்களை அவர் எத்தனை இடத்தில் கொடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்.

என்னுடையதே இல்லாத கார்டு பாக்கி அறிக்கையில் இருக்கிறது. என்ன செய்வது?

அந்த அறிக்கை நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆட்சேபம் எழுதுங்கள், கார்டு வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில், கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். கடன் அறிக்கை நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

வங்கியில் வந்து "இது நான் இல்லை" என்று சொல்வதால் மட்டும் பயனில்லை. எனவேதான் வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே அறிக்கையை எடுக்கச் சொல்கிறேன். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் மறந்துபோன கார்டு ஒன்று வருடக்கணக்கில் அபராதம் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான் தெரியவரும்.

பெரிய வங்கி மறுத்துவிட்டது. வீட்டு வசதி நிதி நிறுவனத்தில் தருகிறேன் என்கிறார்கள். போகலாமா?

மறுப்புக்குக் காரணம் கார்டு பாக்கி மட்டும்தான் என்றால், அதை ஆறு மாதத்தில் சரி செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். 40 லட்சத்துக்கு 8.5-க்குப் பதில் 9.5 சதவீதம் என்றால் மாதம் 2,570 ரூபாய் அதிகம், இருபது வருடத்தில் ஆறு லட்சத்துக்கு மேல். வீட்டைத் தவறவிட முடியாத நிலை என்றால் போங்கள், மிதக்கும் வட்டியில், அதாவது சந்தை நிலவரத்தோடு ஏறி இறங்கும் வட்டியில் எடுங்கள். தனிநபர் வீட்டுக் கடனை மிதக்கும் வட்டியில் எடுத்தால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கார்டு வரலாறு சுத்தமானதும் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடனுக்கு ஒப்புதல் தரும் சாங்ஷன் கடிதம் வந்துவிட்டது. இனிமேல் கார்டைப் பயன்படுத்தலாமா?

பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகும்வரை பொறுங்கள். கடிதம் வந்த மகிழ்ச்சியில் மாடுலர் கிச்சன், சோபா, ஏ.சி. என்று மூன்று லட்சத்துக்குக் கார்டைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் விடுவிக்கும் முன் வங்கி அறிக்கையை மறுபடி எடுக்கலாம். அப்போது தொகையைக் குறைத்தால், பதிவு நாளன்று நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும்.

பதிவுச் செலவுக்குக் கார்டில் ரொக்கம் எடுப்பதையும் தவிருங்கள். அதற்கு எடுக்கும்போதே கட்டணம், அன்றைக்கே வட்டி.

வீட்டுக் கடனிலேயே டாப்-அப், அதாவது அதன் மேல் கூடுதல் கடன் வாங்கிக் கார்டை அடைத்துவிடலாமே?

வட்டி குறையும், உண்மைதான். ஆனால் கார்டு கடனுக்கு ஈடு எதுவும் கிடையாது, வீட்டுக் கடனுக்கு வீடே ஈடு. கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டால், 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டை எடுக்க முடியும். சட்டை, செருப்பு, ஹோட்டல் சாப்பாடு எல்லாம் வீட்டின் மேல் ஏறுகின்றன. ஒரே ஒரு முறை, கார்டை மூடிவிட்டு, குறைந்த வருடத்தில் அடைத்துவிடும் திட்டத்தோடு செய்தால் சரி. இரண்டாவது முறையும் இதற்காக வருபவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அட்வான்ஸை எப்போது கொடுக்கலாம்?

என் சித்தப்பா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, நல்ல விலை, "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்" என்றார் புரோக்கர். அன்றைக்கே இரண்டு லட்சம் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் என்று ஒப்பந்தம் எழுதிவிட்டான். கார்டு பாக்கி ஒன்றே முக்கால் லட்சம் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். வங்கி ஒன்பது லட்சம் குறைத்துத் தந்தது. கெடு முடிந்தது, ஒப்பந்தத்தில் எழுதியபடி அட்வான்ஸ் போய்விட்டது. அந்த இரண்டு லட்சத்தை முதல் நாளே கார்டில் கட்டியிருந்தால் அந்த வீடு இன்றைக்கு அவனுடையதாக இருந்திருக்கும். இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை அவன்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: அறிக்கையை எடுங்கள், கார்டை அடையுங்கள், பூஜ்யம் என்று காட்டும்வரை பொறுங்கள், வங்கியில் உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட தொகைக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், அட்வான்ஸை ஐம்பதாயிரத்துக்குள் நிறுத்தி, கெடுவை மூன்று மாதத்துக்குப் பதில் ஐந்து மாதமாகக் கேளுங்கள்.